பெயர் விடுபட்டவர்கள்

(பொதுக்காலம் 3-ஆம் ஞாயிறு, மூன்றாம் ஆண்டு. நெகேமியா 8: 2-4அ, 5-6, 8-10, 1 கொரிந்தியர் 12: 12-30, லூக்கா 1: 1-4, 4: 14-21)



பங்குத் திருவிழா முடிகிற இரவை ஒருமுறை நினைத்துப் பாருங்கள். தேர்ப்பவனி கோவில் வாசலுக்குத் திரும்பிவிட்டது. நற்கருணை ஆசீர் முடிந்தது. கொடியும் இறக்கியாகிவிட்டது. அதன் பிறகு ஒலிபெருக்கியில் நன்றியுரை தொடங்கும். கொடி உபயம், தேர் அலங்காரம், ஒன்பது நாளும் மறையுரை ஆற்றிய தந்தையர்கள், பாடகர் குழு, அன்னதானம், ஒலி ஒளி அமைப்பு என்று பட்டியல் நீண்டுகொண்டே போகும். கேட்க வேண்டியவர்களில் பாதிப்பேர் அதற்குள் பாயைச் சுருட்டிக்கொண்டு கிளம்பியிருப்பார்கள். கடைசியாக ஒரு வரி வரும்: "யார் பெயராவது விடுபட்டிருந்தால் மன்னிக்கவும்." இந்த வரி இல்லாத நன்றியுரையை நாம் கேட்டதே இல்லை. ஆனாலும் மறுநாள் காலையில் பங்குத்தந்தை வீட்டு வாசலில் யாராவது ஒருவர் வந்து நிற்பார். "எல்லார் பெயரையும் சொன்னீங்களே சாமி..." என்று ஆரம்பிப்பார். வந்து சொல்கிறவரைச் சமாதானப்படுத்திவிடலாம். வராமலே இருந்துவிடுகிறவர்களும் உண்டு. அடுத்த திருவிழாவுக்கும் அவர்கள் வரமாட்டார்கள்.

இதைச் சிறுபிள்ளைத்தனம் என்று நாம் ஒதுக்கிவிட வேண்டாம். இன்றைய இரண்டாம் வாசகம் இந்த வருத்தத்தைத் தெரிந்த ஒருவர் எழுதியது.

கொரிந்து அப்படிப்பட்ட ஊர். கி.மு. 146-இல் உரோமைப் படை அந்த நகரைத் தரைமட்டமாக்கியது. கி.மு. 44-இல் ஜூலியஸ் சீசரின் ஆணையால் அது மீண்டும் குடியேற்றப்பட்டது. வந்து குடியேறியவர்களில் பலர் விடுதலை பெற்ற அடிமைகள். இரண்டு கடல்களுக்கு நடுவே ஒடுங்கிய நிலத்தில் இருந்ததால் மேற்கே ஒரு துறைமுகம், கிழக்கே ஒரு துறைமுகம்; வணிகம் கொழித்தது. பரம்பரைப் பெருமை சொல்லிக்கொள்ள வழியில்லாத ஊரில், சம்பாதித்துக் காட்டிய பெருமைக்கு மதிப்பு அதிகம். திருத்தூதர் பவுல் அங்கே ஒன்றரை ஆண்டு தங்கி ஒரு சபையை உருவாக்கினார். அவர் எபேசுக்குப் போன பின்பு வந்த செய்திகள் நல்லவையாக இல்லை. ஆண்டவரின் விருந்துக்குக் கூடும்போது வசதியுள்ளவர்கள் முன்பே வந்து உண்டு முடித்துவிடுகிறார்கள். வேலை முடித்து வருகிற ஏழைகளுக்குப் பசிதான் மிச்சம். இதைப் 11-ஆம் அதிகாரத்தில் பவுல் கண்டிக்கிறார். அதே மூச்சில் 12-ஆம் அதிகாரத்தில் அருள்கொடைகளைப் பற்றிப் பேசத் தொடங்குகிறார். பந்தியில் நடந்த அதே காரியம் செபத்திலும் நடந்துகொண்டிருந்தது. பரவசப்பேச்சு பேசுகிறவர்கள் முன்வரிசைக்கு வந்துவிட்டார்கள். பேசத் தெரியாதவர்கள், தங்களிடம் ஆவியார் இருக்கிறாரா என்றே சந்தேகப்படத் தொடங்கிவிட்டார்கள்.

பவுல் பரவசப்பேச்சுக்கு எதிரானவர் அல்ல. தாமும் அப்படிப் பேசுகிறவர்தாம், அதுவும் அவர்கள் எல்லாரையும்விட அதிகமாக என்று 14-ஆம் அதிகாரத்தில் சொல்லிக்கொள்கிறார். நம் பங்குகளில் அருங்கொடைச் செபக் குழுக்களைக் கண்டாலே முகம் சுளிப்பவர்கள் அதையும் வாசிக்க வேண்டும். அவருடைய கேள்வி வேறு: அந்தக் கொடையால் பக்கத்தில் இருப்பவருக்கு என்ன கிடைத்தது?

அதைச் சொல்லத்தான் அவர் உடலை எடுத்துக்கொள்கிறார். வேளாங்கண்ணியில் வெள்ளித் தகட்டில் செய்த கண், கை, கால் உருவங்களை நேர்ச்சையாகச் செலுத்துவதை நாம் பார்த்திருக்கிறோம். கொரிந்திலும் அப்படி ஒரு வழக்கம் இருந்தது. அங்கே நலம் தரும் தெய்வமாகக் கருதப்பட்ட அஸ்கிலேப்பியுவின் கோவில் இருந்த இடத்தைத் தோண்டியபோது சுடுமண்ணில் செய்த கைகளும் கால்களும் காதுகளும் கிடைத்தன. அவை பவுலுக்குச் சில நூற்றாண்டுகள் முந்தியவை. இன்றும் கொரிந்து அருங்காட்சியகத்தில் இருக்கின்றன. தனியாகக் கிடக்கும் ஒரு கையைப் பார்த்தால் நமக்கு என்ன தோன்றும்? யாருக்கோ கையில் நோய் இருந்திருக்கிறது என்றுதான் தோன்றும்.

உடலை உவமையாக எடுத்த முதல் ஆள் பவுல் இல்லை. உரோமையர் எல்லாருக்கும் தெரிந்த ஒரு பழங்கதை இருந்தது. கி.மு. 494-இல் கடன் சுமையால் நொந்த எளிய மக்கள் நகரை விட்டு வெளியேறி ஒரு குன்றில் போய் உட்கார்ந்துகொண்டார்கள். அவர்களைத் திருப்பி அழைத்துவர மெனேனியுஸ் அக்ரிப்பா என்பவர் போனார். வயிறு சும்மா இருந்து தின்கிறதே என்று கைகளும் வாயும் பற்களும் வேலைநிறுத்தம் செய்த கதையை அவர் சொன்னார். வயிற்றைப் பட்டினி போட்டதில் எல்லா உறுப்புகளும் வாடிப்போயின. ஆகவே வயிறு மேலே இருக்கட்டும், கைகள் வேலைக்குத் திரும்பட்டும் என்பது அந்தக் கதையின் நோக்கம். பெரியவர்கள் சிறியவர்களுக்குச் சொல்லும் கதை அது. பவுல் அதே உடலை எடுத்துத் தலைகீழாகத் திருப்பிவிடுகிறார். வலுவற்றவையாகத் தோன்றும் உறுப்புகள்தாம் இல்லாமல் முடியாதவை என்கிறார். மதிப்புக் குறைந்தவை என்று நாம் நினைப்பவற்றுக்குக் கடவுளே கூடுதல் மதிப்புக் கொடுத்து உடலை அமைத்திருக்கிறார் என்கிறார். உரோமைக் குடியேற்ற நகரில் இருந்தவர்களுக்கு இது காதில் உறுத்தியிருக்கும்.

இன்னொன்றையும் கவனியுங்கள். முதலில் பேசுவது கால். "நான் கை அல்லவே, ஆகவே இந்த உடலைச் சேர்ந்தவன் அல்ல" என்பது அதன் புலம்பல். அடுத்து காது, கண்ணைப் பார்த்து அதையே சொல்கிறது. அதற்குப் பிறகுதான் கண் கையைப் பார்த்து, நீ எனக்குத் தேவையில்லை என்று திமிராகப் பேசுகிறது. நாம் மறையுரைகளில் கண்ணின் திமிரைத்தான் அதிகம் கண்டிக்கிறோம். பவுல் முதலில் தேற்றியது காலை. (ஒரு சிறு குறை: இந்த வாசகத்துக்குத் திருப்பலிப் புத்தகத்தில் குறுகிய வடிவமும் உண்டு; 12 முதல் 14 வரை, பிறகு நேராக 27. நேரம் மிச்சமாகிறதென்று பல கோவில்களில் அதையே வாசித்துவிடுகிறோம். காலும் காதும் பேசுவது முழுவதும் அதில் போய்விடுகிறது.)

சில ஆண்டுகளுக்கு முன் நாங்கள் பணியாற்றிய ஒரு பங்கில் தவக்காலத் தியானம் நடந்தது. ஆளுக்கொரு தாள் கொடுத்து, தூய ஆவியார் உங்களுக்குத் தந்திருக்கும் கொடை என்ன என்று எழுதச் சொன்னோம். நல்ல எண்ணம்தான். பாடுவேன், வாசிப்பேன், மறைக்கல்வி சொல்லிக்கொடுப்பேன், மேடையில் பேசுவேன் என்று எழுதியவர்களைப் பிரித்தெடுத்து அந்தந்தக் குழுவில் சேர்த்தோம். மீதித் தாள்களை ரப்பர் வளையம் போட்டு மேசை இழுப்பறையில் வைத்தோம். அவற்றில் பல வெறும் தாள்கள். ஒன்றில் மட்டும் பெயரோடு, கோணல் எழுத்தில், "எனக்கு ஒன்றும் கிடையாது சாமி" என்று இருந்தது. எழுதியவர் அறுபதைத் தாண்டிய ஒரு விதவைத் தாய்.

அந்த ஆண்டு ஐப்பசி மழையில், நள்ளிரவு தாண்டி ஒரு வீட்டிலிருந்து அழைப்பு வந்தது. பெரியவர் ஒருவர் கடைசி நிலையில் இருந்தார். எண்ணெய்ச் சிமிழையும் நற்கருணையையும் எடுத்துக்கொண்டு போனோம். உள்ளே நுழைந்தால் அந்த அம்மா முன்பே அங்கே இருக்கிறார். கட்டில் ஓரமாகத் தரையில் உட்கார்ந்து, அந்தப் பெரியவரின் கையைப் பிடித்தபடி காதருகே மெதுவாக இயேசு, மரி, சூசை என்று சொல்லிக்கொண்டிருந்தார். எங்களைக் கூப்பிடுவதற்கு முன் அவரைக் கூப்பிட்டிருக்கிறார்கள். உள்ளதைச் சொன்னால், எங்களுக்கு அது கொஞ்சம் உறுத்தத்தான் செய்தது.

நோயில்பூசுதல் முடிந்து திண்ணைக்கு வந்ததும் மகன் சொன்னார்: "நாலு ராத்திரியா இந்த அம்மாதான் சாமி வந்து உட்கார்றாங்க. அப்பாவுக்குச் சாவுன்னா ரொம்பப் பயம். ராத்திரியானா கத்துவார். எங்களால பார்க்க முடியாது, எழுந்து வெளியே போயிடுவோம். இவங்க கையைப் பிடிச்சதும் தூங்கிடுவார்." விடியற்காலையில் பெரியவர் இறந்தார். வீட்டார் அழுதுகொண்டிருக்க, அந்த அம்மா எழுந்து அடுப்படிக்குப் போய், வரப்போகிறவர்களுக்கு வரக்காப்பி போடத் தண்ணீர் வைத்தார். தெருவில் விசாரித்தபோது தெரிந்தது, பல ஆண்டுகளாக அந்தப் பங்கில் சாகிற யாரும் தனியாகச் சாகவில்லை. அது எங்களுக்கு மட்டும்தான் தெரியாமல் இருந்தது.

வீடு திரும்பி இழுப்பறையைத் திறந்து பார்த்தோம். ஒன்றும் எழுதாத தாள்களை எண்ணினோம். 38 இருந்தன.

உடனே எங்களுக்கு வந்த யோசனை என்ன தெரியுமா? ஒரு குழு அமைக்கலாம் என்பதுதான். குருக்களாகிய எங்கள் புத்தி அப்படி. அந்த அம்மாவைக் கூப்பிட்டுச் சொன்னோம். அவர் சிரித்துவிட்டு, "குழுவெல்லாம் வேண்டாம் சாமி. யாருக்காவது முடியலைன்னா மட்டும் சொல்லி அனுப்புங்க" என்று சொல்லிப் போய்விட்டார்.

பவுலின் பட்டியலை இப்போது திரும்பப் பாருங்கள். அதிகாரத்தின் முடிவில் அவரும் ஒரு பட்டியல் தருகிறார். முதலில் திருத்தூதர், அடுத்து இறைவாக்கினர், மூன்றாவது போதகர். பிறகு வல்ல செயல் செய்பவர்கள், பிணி தீர்ப்பவர்கள். அதன் பின் இரண்டு சொற்கள் வருகின்றன. நாம் வாசிக்கும்போது அவற்றின்மேல் நிற்பதே இல்லை. ஒன்று, துணைநிற்பவர்கள். அதற்கான கிரேக்கச் சொல்லுக்குத் தாங்கிப் பிடித்தல், கைகொடுத்தல் என்று பொருள். மற்றது, வழிநடத்துபவர்கள். அந்தச் சொல் கப்பல்காரர்களின் சொல். சுக்கான் பிடித்துச் செலுத்துவது. துறைமுக ஊர்க்காரர்களுக்கு அதை விளக்கத் தேவையிருந்திருக்காது. இவற்றையெல்லாம் சொல்லிவிட்டு, கொரிந்தியர் தலையில் தூக்கி வைத்திருந்த பரவசப்பேச்சைக் கடைசியில் வைக்கிறார்.

ஆக, கட்டில் ஓரத்தில் கை பிடித்து உட்கார்வது அருள்கொடை. பங்கின் கணக்கு வழக்கைப் பத்து ரூபாய் பிசகாமல் எழுதுவதும் அருள்கொடை. பிணி தீர்ப்பதைக் கொடுத்த அதே ஆவியார் கொடுத்தது. நாம் இவற்றை "குணம்", "பழக்கம்", "சுபாவம்" என்று சொல்லித் தள்ளிவிடுகிறோம். இந்த நிமிடம் எங்கள் குரல் உங்கள் வீட்டுக்கு வருகிறதென்றால், கண்ணாடித் தடுப்புக்கு அந்தப் பக்கம் ஒருவர் காதில் கருவியை மாட்டிக்கொண்டு உட்கார்ந்திருப்பதால்தான். அவர் பெயரை நிகழ்ச்சியின் முடிவில்கூட நாங்கள் சொன்னதில்லை.

இன்றைய மற்ற இரண்டு வாசகங்களிலும் இப்படிப்பட்டவர்கள் ஒளிந்திருக்கிறார்கள். நாசரேத்துத் தொழுகைக்கூடத்தில் இயேசு எசாயாவின் ஏட்டை வாசித்துச் சுருட்டி, ஏவலரிடம் கொடுக்கிறார். அந்த ஏட்டைப் பாதுகாத்து வைத்தவர், எடுத்து வந்தவர், திரும்ப வாங்கி வைத்தவர் அவர். கூடத்தில் இருந்த எல்லாருடைய கண்களும் இயேசுவின்மேல் பதிந்திருந்தன என்று லூக்கா எழுதுகிறார். ஏவலரை யார் பார்த்திருக்கப் போகிறார்கள்? நெகேமியா நூலில் எஸ்ரா திருச்சட்டத்தை வாசிக்க, அதற்கென்று செய்த ஒரு மரமேடையில் நிற்கிறார். யாரோ ஒரு தச்சர் செய்த மேடை. எஸ்ராவின் வலப்பக்கமும் இடப்பக்கமும் நின்றவர்களின் பெயர்களை நூலாசிரியர் விடாமல் எழுதி வைத்தார், பதின்மூன்று பெயர்கள். கோவிலில் நாம் வாசிக்கும் பகுதி அந்தப் பெயர்களுக்குச் சற்று முன்னால் நின்று, அவற்றைத் தாண்டித் தொடர்கிறது. வாசிப்பவருக்கு வாயில் நுழையாது என்று விட்டிருக்கலாம். நாம் குறை சொல்லவில்லை. திருவிழா நன்றியுரை எழுதிப் பார்த்தவர்களுக்கு அந்தக் கஷ்டம் தெரியும்.

இம்மாதம் 16-ஆம் நாள் நாம் விழா கொண்டாடிய புனித யோசேப் வாஸ் அடிகளாரையும் இங்கே நினைத்துக்கொள்வோம். கோவாவில் 1651-இல் பிறந்தவர். ஒல்லாந்தர் ஆட்சியில் இலங்கைக் கடற்கரையில் கத்தோலிக்கக் குருக்களுக்கு இடமில்லாமல் போன காலம் அது. 1687-இல் குருவின் உடையைக் களைந்து, கூலியாள் கோலத்தில், தூத்துக்குடி வழியாக அவர் அங்கே போனார். யாழ்ப்பாணத்தில் கழுத்தில் செபமாலையை அணிந்துகொண்டு வீடு வீடாகப் பிச்சை கேட்டார். அதைப் பார்த்து முகம் மாறுகிறவர்கள் யார் என்று கவனித்தே மறைந்திருந்த கத்தோலிக்கரைக் கண்டுபிடித்தார். 1692-இல் கண்டிக்குப் போனவரை ஒற்றர் என்று சிறையில் வைத்தார்கள். 1697-இல் கண்டியில் பெரியம்மை பரவியபோது, உறவினர்களே விட்டு ஓடிய நோயாளிகளைத் தேடிப்போய்க் கழுவி, உணவு கொடுத்தார். 1711-இல் இறந்தார். 2015 சனவரி 14 அன்று கொழும்பில் திருத்தந்தை பிரான்சிஸ் அவரைப் புனிதராக உயர்த்தினார்.

இது நமக்குத் தெரிந்த வரலாறு. அந்தப் படகில் அவரோடு இன்னொருவர் ஏறினார். யோவான் என்ற பணியாளர். கூலியாள் கோலம் அடிகளாருக்கு வேடம். இவருக்கு அது வாழ்க்கை. அடிகளாரோடு பசித்தவர், கண்டிச் சிறையில் உடனிருந்தவர், பெரியம்மைக் காலத்தில் புண்களைக் கழுவியவர். போய் இறங்கிய புதிதில் நோயில் விழுந்து கிடந்தபோது, தொற்றிவிடும் என்று அஞ்சி எல்லாரும் விலகிக்கொள்ள, ஒரு பெண் மட்டும் கஞ்சி கொண்டுவந்து கொடுத்ததாக அடிகளாரின் வரலாறுகள் சொல்கின்றன. 1705-இல் வந்து சேர்ந்த ஜாக்கோமே கொன்சால்வஸ் அடிகளாருக்கோ எழுத்தின் கொடை. தமிழிலும் சிங்களத்திலும் மக்கள் கையில் நூல்களைக் கொடுத்தார். குரு எப்போதாவதுதான் வந்துபோன ஊர்களில் மூப்பர்களும் அண்ணாவிமாரும் செபங்களைச் சொல்லிக்கொடுத்து மக்களைக் கூட்டி வைத்தார்கள். இவர்களில் பீடத்தில் உருவம் வைக்கப்பட்டிருப்பது ஒருவருக்குத்தான். கஞ்சி கொடுத்த பெண்ணை எடுத்துவிட்டால் இந்த வரலாற்றில் என்ன மிஞ்சும்?

அருள்கொடைகளெல்லாம் ஆதித் திருஅவைக்கு உரியவை, இப்போது அரிதானவை என்ற எண்ணம் திருஅவையின் மேல்மட்டத்திலும் இருந்ததுண்டு. இரண்டாம் வத்திக்கான் சங்கத்தில் 1963 அக்டோபரில் கர்தினால் ருஃபினி அப்படித்தான் வாதாடினார். பெல்ஜியம் நாட்டுக் கர்தினால் சூனென்ஸ் அதற்கு மறுமொழி சொன்னார். தத்தம் மறைமாவட்டத்தில் கொடை பெற்ற பொதுநிலையினரை, ஆண்களையும் பெண்களையும், ஆயர்களே அறிந்திருக்கவில்லையா என்பது அவருடைய வாதம். பெண்களும் சங்கத்தில் பார்வையாளராக அழைக்கப்பட வேண்டும் என்றும் அவர் கேட்டார். மறு ஆண்டே அழைக்கப்பட்டார்கள். 1964 நவம்பரில் வெளியான திருஅவை பற்றிய கொள்கைத் திரட்டின் 12-ஆம் எண், எல்லா நிலையிலும் உள்ள இறைமக்களுக்கும் ஆவியார் கொடைகளைப் பகிர்ந்தளிக்கிறார் என்று கற்பிக்கிறது. எளிமையானவை, பரவலாக இருப்பவை ஆகியவற்றையும் சேர்த்தே சொல்கிறது. அவற்றைச் சீர்தூக்கிப் பார்ப்பது மேய்ப்பர்களின் பொறுப்பு. அணைத்துவிடாமல் பார்க்க வேண்டியதும் அவர்களின் பொறுப்பே. இழுப்பறையில் பூட்டி வைப்பதும் அணைப்பதில் ஒரு வகைதான்.

பவுலின் பட்டியலில் இன்னும் ஒன்று பாக்கி இருக்கிறது. அதை முடித்ததும் அவர் வரிசையாகக் கேள்விகள் கேட்கிறார். எல்லாரும் திருத்தூதர்களா? எல்லாரும் இறைவாக்கினரா? எல்லாரும் போதகர்களா? எல்லாரும் வல்ல செயல் செய்பவர்களா? பிணி தீர்ப்பவர்களா? பரவசப்பேச்சு பேசுபவர்களா? அதை விளக்குபவர்களா? எல்லாவற்றுக்கும் இல்லை என்பதே பதில். ஆனால் பட்டியலோடு ஒப்பிட்டுப் பார்த்தால் இரண்டு விடுபட்டிருக்கின்றன. சுக்கான் பிடிப்பதைப் பற்றி அவர் கேட்கவில்லை. துணைநிற்பதைப் பற்றியும் கேட்கவில்லை.

"எல்லாரும் துணைநிற்பவர்களா?" என்று கேட்டிருந்தால், நம்மில் பலர் நிம்மதியாக இல்லை என்று சொல்லிவிட்டு வீட்டுக்குப் போயிருப்போம்.

இன்று மாலை உங்கள் தெருவில் யார் வீட்டில் நோயாளி இருக்கிறார் என்று உங்களுக்குத் தெரியும், எங்களுக்குத் தெரியாது. இவற்றையெல்லாம் விடச் சிறந்த ஒரு வழியைக் காட்டுகிறேன் என்று பவுல் இந்த அதிகாரத்தை முடிக்கிறார். அந்த வழி 13-ஆம் அதிகாரத்தில் இருக்கிறது. அடுத்த ஞாயிறு அதை வாசிப்போம், முழுமையாகவே.

இறை ஆசீர் உங்களோடு இருப்பதாக.